செர்ரி மரத்தின் குளிர்க்கணக்கு

ஆக்லாந்தில் எலுமிச்சை ஆண்டு முழுக்கக் காய்க்கும். ஏப்ரலில் ஃபெய்ஜோவா காய்த்துக் கொட்டும். தின்று தீராமல் வாசலில் பெட்டி வைத்து ‘இலவசம்’ என்று எழுதிவிடுவார்கள். மவுண்ட் ராஸ்கில், சாண்ட்ரிங்ஹாம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் வெயில்படும் சுவரோரம் கறிவேப்பிலைகூடப் பிழைத்துக்கொள்கிறது. செர்ரி மட்டும் ஏமாற்றும். நர்சரியில் நல்ல விலை கொடுத்து வாங்கி நட்டால் மரம் வளரும், இலை விடும், சில ஆண்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கவும் செய்யும். பழம் என்று கைப்பிடி தேறாது. கார்ன்வால் பூங்காவில் வசந்தம் தொடங்கும்போது செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்குகின்றனவே என்பீர்கள். அவை அழகுக்கு வளர்க்கும் வேறு இனங்கள். அவற்றின் தேவை வேறு. தின்னும் செர்ரி டிசம்பரில் கடைக்கு வந்துவிடும், பெட்டியில் பெரும்பாலும் ‘சென்ட்ரல் ஒட்டாகோ’ என்று அச்சிட்டிருக்கும்.

ஒட்டாகோ, ஆக்லாந்துக்குத் தெற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதன் உட்பகுதியில் மலைகளுக்கு நடுவே கிடக்கிறது கிராம்வெல் என்ற சிற்றூர். ஜூலையில் அங்கே குழாய்த் தண்ணீர் உறையும். ஆக்லாந்தின் மிதமான குளிர்காலத்தில் சிணுங்கும் மரம், அந்தக் கடுங்குளிரில் கிளை கொள்ளாமல் காய்க்கிறது. ஆக்லாந்து வெயிலில் குறையேதும் இல்லை. அங்கே பற்றாமல் போவது குளிர்.

ஆக்லாந்திலிருந்து குவீன்ஸ்டவுனுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து கவாராவ் ஆற்றின் இடுக்கு வழியே அறுபது கிலோமீட்டர் கார்ப் பயணம். பாறைச் சுவர்கள் விலகி வெளி விரியும் இடத்தில்தான் கிராம்வெல். நெடுஞ்சாலை ஓரத்தில் ராட்சத ஆப்பிளும் பேரியும் ஏப்ரிகாட்டும் நெக்டரினும் ஒன்றாக நிற்கும் சிற்பம் வரவேற்கும். ஊருக்கு இன்று பெயரும் பணமும் வாங்கித் தரும் செர்ரிக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. சிலை வைத்த காலத்தில் இங்கே ஏப்ரிகாட்டின் ராஜ்ஜியம்.

பள்ளி விடுமுறையில் அங்கே கிளம்பியபோது சுருளிப்பட்டி மாமாவும் கூட வந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை போடுபவர். ஆக்லாந்தில் இருக்கும் மகளைப் பார்க்க வந்திருந்தார். பழத்தோட்டம் பார்க்கப் போகிறோம் என்றதும் உற்சாகமாகிவிட்டார். அது அக்டோபர் மாதம். இந்த அரைக்கோளத்தில் அது வசந்தம். மரமெல்லாம் வெள்ளை வெளேரென்று பூ, பழம் ஒன்றுகூட இல்லை. “என்ன மாப்ள, பழம் திங்கலாம்னு கூட்டியாந்து பூவக் காட்டுற?” என்றார். ஆனால் பழக்காலத்தில் போயிருந்தால் அந்த ஊரின் உயிர்நாடி கண்ணில் பட்டிருக்காது.

முதலில் மலையின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் மேற்குக் கரையில் மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து காக்கை பறக்கும் தூரமாக நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் கிராம்வெல்லில் சுமார் 400 மில்லிமீட்டர்தான். நடுவில் தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர் நிற்கிறது. தாஸ்மன் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் மேற்கத்திக் காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து தண்ணீரைக் கொட்டிவிடுகிறது. நீராவி நீராக மாறும்போது விடும் வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுவதால், ஏறும்போது கிலோமீட்டருக்கு 5, 6 டிகிரிதான் குளிரும். மறுபக்கம் ஈரமில்லாமல் இறங்கும்போது கிலோமீட்டருக்கு 10 டிகிரி வரை சூடேறும். அதனால் மலையைத் தாண்டி வரும் காற்று, கிளம்பியபோது இருந்ததைவிட வறண்டும் சூடாகவும் வந்து சேரும்.

மாமாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. தேக்கடிப் பக்கம் கொட்டித் தீர்க்கும் மழை மலை தாண்டினால் சாரலாகிவிடுவதை ஆயுசு முழுக்கப் பார்த்தவர். கம்பம் பள்ளத்தாக்குக்கு உயிர் கொடுப்பது 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர். கிராம்வெல்லிலும் தண்ணீர் வெளியிலிருந்துதான் வர வேண்டும். 1862-இல் இந்த ஊர்ப்பக்கத்து ஆற்றங்கரையில் தங்கம் கண்டுபிடித்தார்கள். மண்ணைக் கழுவித் தங்கம் எடுக்க மலைச் சரிவுகளில் மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டினார்கள். தங்கம் தீர்ந்தது, வாய்க்கால்கள் கிடந்தன. அவற்றில் பல பின்னாளில் தோட்டப் பாசனத்துக்குத் திரும்பின. அப்புறம் தண்ணீரே ஊரை விழுங்கிய கதையும் உண்டு. கிளைட் அணைக்காக 1992, 93-இல் டன்ஸ்டன் ஏரி நிரம்பியபோது கிராம்வெல்லின் பழைய கடைத்தெருவும், அணைக்கு மேலே ஆற்றின் இடுக்கில் இருந்த பேர்போன ஏப்ரிகாட் தோட்டங்களும் மூழ்கின. தப்பிய சில கட்டடங்களை ஏரிக்கரையில் பழைய ஊர் என்று பராமரிக்கிறார்கள்.

கிராம்வெல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரம்தான். கொடைக்கானல் 2,100 மீட்டர். நம் ஊரில் குளிர் வேண்டுமென்றால் மலை ஏற வேண்டும். 45 டிகிரி தென் அட்சத்தில் இருக்கும் கிராம்வெல்லுக்குக் குளிர் வீடு தேடி வருகிறது. ஊர் கடலிலிருந்து 120 கிலோமீட்டர் உள்ளே. நியூசிலாந்தில் கடலைவிட்டு இதற்கு மேல் தள்ளிப் போக இடமே இல்லை. வெயிலையும் குளிரையும் தணிக்கக் கடல் அருகில் இல்லாததால் இரண்டும் உச்சத்துக்குப் போகும். கோடையில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. கொஞ்சம் தள்ளி இருக்கும் ஓஃபிர் என்ற ஊரில் 1995 ஜூலையில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 21.6 டிகிரிக்குப் போனது. இத்தனை குளிர் ஒரு பழமரத்துக்கு எதற்கு?

அக்டோபரில் விரியும் செர்ரிப் பூ அக்டோபரில் உருவாவதில்லை. முந்தைய கோடையில், பழம் பறித்த கையோடு, அடுத்த ஆண்டுப் பூக்களின் கரு மொட்டுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஏப்ரல், மே மாதத்துக்குள் மொட்டைப் பிளந்து உருப்பெருக்கியில் பார்த்தால் பூவின் பாகங்களை அடையாளம் காணலாம். இப்படித் தயாராக இருக்கும் பூ, மே மாதத்தில் நாலு நாள் இதமாக வெயில் அடித்ததும் விரிந்துவிட்டால் அடுத்து வரும் கடுங்குளிரில் கருகிவிடும். எனவே மரம் ஒரு பூட்டு போட்டுக்கொள்கிறது. பகல் குறைந்து குளிர் தொடங்கும்போது மொட்டு ஆழ்ந்த உறக்கநிலைக்குப் போகிறது. அதன்பின் எவ்வளவு இதமான வெயில் வந்தாலும் அசையாது. குளிர்காலம் உண்மையிலேயே வந்து, நின்று, கழிந்தது என்று நிச்சயமானால்தான் பூட்டு திறக்கும். அதற்கு மரத்திடம் இருக்கும் ஒரே ஆதாரம் உடம்பில் படும் குளிர். அதை மணி மணியாகக் கூட்டி வைக்கிறது.

மொட்டுக்குள் நடப்பது இப்போதுதான் தெளிந்து வருகிறது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சேதி போய்வர மிக நுண்ணிய துளைகள் உண்டு. உறக்கத்துக்குப் போகும் மொட்டில் கேலோஸ் என்ற மாவுச்சத்துப் போன்ற பொருள் அந்தத் துளைகளை அடைத்துக்கொள்கிறது. வளர்ச்சிக்கான சேதி உள்ளே நுழைய முடியாது. நீண்ட குளிரில் அந்த அடைப்பைக் கரைக்கும் நொதிகள் உருவாகி, துளைகள் மெல்லத் திறக்கின்றன. இதைப் பாப்ளார் மரங்களில் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். மரபணுப் பக்கமும் ஒரு தடயம் உண்டு. மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு பீச் மரம் குளிர் வந்தாலும் உறங்குவதே இல்லை. நுனி வளர்ந்துகொண்டே இருக்கும். அதன் மரபணுவைப் பார்த்தால், வரிசையாக இருக்க வேண்டிய ஆறு மரபணுக்களில் நான்கைக் காணோம். உறக்கநிலையோடு தொடர்புடைய அந்த மரபணுக்களுக்கு ‘டாம்’ என்று பெயர். செர்ரி, ஏப்ரிகாட், பிளம் எல்லாம் பீச்சின் நெருங்கிய உறவு. அவற்றிலும் அதே மரபணுக் கூட்டம் இருக்கிறது. குளிர் சேரச் சேர இவற்றின் ஆதிக்கம் படிப்படியாகத் தணிகிறது.

மரத்தின் கணக்கை மனிதன் எழுதிப் பார்த்த கதை தனிச் சுவை. தொடக்கத்தில் அமெரிக்கப் பீச் விவசாயிகளுக்காக எளிய விதி ஒன்று வைத்தார்கள். வெப்பநிலை 7.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு குளிர்மணி. செர்ரி ரகங்கள் பலவற்றுக்கு 800 முதல் 1,200 குளிர்மணி வேண்டும். கிராம்வெல்லில் அது எளிதில் சேர்ந்துவிடும். ஆக்லாந்தில் அதில் பாதி சேர்வதே அபூர்வம். பற்றாக்குறையோடு நிற்கும் மரத்துக்கு என்ன ஆகும்? சில மொட்டுகள் விழிக்கும், சில விழிக்காது. ஒரு கிளையில் பூ, இன்னொன்றில் இலை, மூன்றாவதில் மொட்டே உதிர்ந்து வெறுங்குச்சி. செர்ரியில் பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தையே ஏற்காதவை. பக்கத்தில் ஒத்துப்போகும் வேறு ரகம் அதே சமயம் பூத்தாக வேண்டும். ஆளுக்கொரு நாளில் பூத்தால் தேனீ என்ன செய்யும்?

ஆனால் 7.2 என்ற விதி முரட்டு விதி. மிதமான குளிரையும், பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் கழியும் இரவையும் அது ஒரே மாதிரி எண்ணுகிறது. 1974-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இதைத் திருத்தினார்கள். ஏறத்தாழ 2.5 முதல் 9 டிகிரி வரை முழு மதிப்பெண். உறைநிலையை நெருங்கினால் பூஜ்யம். 16 டிகிரியைத் தாண்டினால் சேர்த்ததிலிருந்து கழிவு. கடுங்குளிரில் மொட்டுக்குள் வேதிவினையே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஓஃபிரின் அந்தக் கழித்தல் 21.6 டிகிரி இரவு செர்ரியின் கணக்கில் ஒரு மணிகூடச் சேர்த்திருக்காது.

1980-களில் இஸ்ரேல் ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமான முறை கொண்டுவந்தார்கள். குளிரில் முதலில் ஓர் இடைப்பொருள் உருவாகிறது, பகல் சூட்டில் அது சிதையக்கூடும். போதுமான அளவு சேர்ந்துவிட்டால் நிரந்தரப் பொருளாக மாறிவிடும், அப்புறம் எந்தச் சூடும் அதைத் தொட முடியாது என்று வைத்துக்கொண்டு கணக்கிடும் முறை அது. அந்த இடைப்பொருள் இன்னதென்று யாரும் பிரித்தெடுத்துக் காட்டவில்லை. கணக்கு மட்டும் பல நாடுகளில் ஒத்துவருகிறது. உதகையில் இது நன்றாகப் பொருந்தும். ஜனவரி இரவில் அங்கே புல்வெளி உறைபனியில் வெளுக்கும், ஆனால் பகலில் 20 டிகிரி வெயில். இரவில் சேர்த்ததில் பெரும்பகுதியைப் பகல் அழித்துவிடும். அதனால்தான் நம் மலைகளில் குறைந்த குளிரில் திருப்திப்படும் பிளம், பேரி ரகங்கள். ஆப்பிள் என்றாலும் பார்லின்ஸ் பியூட்டி போன்ற ரகங்கள்.

“இலையே இல்லாம நாலு மாசம் சும்மா நிக்குதா மரம்? அப்ப வருசத்துக்கு ஒரு வெள்ளாமதானா?” என்று மாமா கேட்டார். அவர் கவலை நியாயமானது. சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் திராட்சை ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை காய்க்கும். கல்தூண் பந்தலில் கொடியைக் கவாத்து செய்தால் நாலு மாதத்தில் அறுவடை. இந்த வீட்டில் கவாத்து, பக்கத்து வீட்டில் பூ, எதிர்த் தோட்டத்தில் பழம் என்று எல்லாப் பருவமும் ஒரே நாளில் பார்க்கலாம். திராட்சையும் இலையுதிர்க்கும் கொடிதான், குளிர்நாடுகளில் அதுவும் உறங்கும். கம்பத்தில் உறங்க விடுவதில்லை. அங்கே மொட்டைப் பிடித்து வைத்திருப்பது நுனித் தளிரிலிருந்து வரும் ஹார்மோன். நுனியை வெட்டினால் பிடி தளர்ந்து மொட்டு வெடிக்கும். மொட்டு ஆழ்ந்த உறக்கத்தில் விழும் முன்பே கத்தரிக்கோல் வந்துவிடுகிறது. நாசிக், சாங்லிப் பக்கம் கவாத்துக்குப் பின் ஹைட்ரஜன் சயனமைடு என்ற ரசாயனத்தையும் மொட்டில் பூசுகிறார்கள். மொட்டு ஒரே சீராக விழிக்கும். நியூசிலாந்தின் வடதீவிலும் கிவிப்பழக் கொடிக்குக் குளிர்காலக் கடைசியில் இதே ரசாயனத்தைத் தெளிப்பதுண்டு. நச்சு மிகுந்த சமாச்சாரம். தெளிப்பவர் அன்றும் அதையொட்டிய நாட்களிலும் மதுவைத் தொடக்கூடாது. தொட்டால் உடம்பு தாங்காது.

1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கு, 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குளிரே இல்லாத பள்ளத்தாக்கில் குளிர்நாட்டுக் கொடியைக் கத்தரிக்கோலை வைத்தே ஆட்டிப்படைக்கிறார்கள் கம்பத்துக்காரர்கள். ஒட்டாகோக்காரர்களைவிட இவர்கள் கெட்டிக்காரர்கள் என்பது என் கட்சி. ஆனால் செர்ரியிடம் இந்தப் பாச்சா பலிக்காது. பூ மொட்டு வேண்டிய குளிர்மணி சேராமல் திறக்காது.

குளிர்மணி சேர்ந்து பூட்டு திறந்த பிறகு மரம் சூட்டைக் கணக்கெடுக்கத் தொடங்குகிறது. ஆகஸ்ட், செப்டம்பர் வெயிலில் மொட்டு உப்பும், பச்சை தெரியும், வெள்ளை தெரியும், விரியும். ஒவ்வொரு படியிலும் குளிரைத் தாங்கும் சக்தியை இழந்துகொண்டே போகும். ஜூலையில் உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி வரை தாங்கிய அதே மொட்டு, முழுதாக மலர்ந்த பின் கழித்தல் 2.2 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தால் பத்தில் ஒரு பூ சாகும். கழித்தல் 4 டிகிரியில் பத்தில் ஒன்பது போய்விடும். ஒரு டிகிரி, ஒன்றேமுக்கால் டிகிரி வித்தியாசத்தில் ஓர் ஆண்டு வருமானம்.

உறங்கும் செர்ரி மொட்டுக்குள் இருக்கும் நீர் உறைநிலைக்கு வெகு கீழே போயும் உறையாமல் திரவமாகவே இருக்கும். நீர் உறைய வேண்டுமென்றால் பனிப்படிகம் தொடங்க ஒரு புள்ளி வேண்டும். அப்படிப் புள்ளி கிடைக்காத தூய நீர்த்துளி கழித்தல் 38 டிகிரி வரைகூடத் தாக்குப்பிடிக்கும். மொட்டு மூடியிருக்கும்வரை அதன் உள்ளறை கிளையின் பனிக்கட்டியிலிருந்து தடுக்கப்பட்டிருக்கிறது. மலரும் காலத்தில் நீர்க்குழாய்கள் இணைந்து வழி திறந்துவிடும். போதாததற்கு, இலையிலும் பூவிலும் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் புறத்தோலில் இருக்கும் புரதம் பனிப்படிகத்துக்கு அச்சாக அமைந்து, கழித்தல் 2 டிகிரியிலேயே நீரை உறைய வைக்கிறது. செல் கிழிந்து சாறு கசிய பாக்டீரியாவுக்குச் சாப்பாடு.

மலை மழையை மறித்துத் தந்த மழைநிழல் இங்கேதான் எதிராளியாகிறது. வறண்ட காற்று, மேகமில்லாத வானம். பகலில் நிலம் வாங்கிய வெப்பமெல்லாம் இரவில் தடையில்லாமல் விண்வெளிக்குப் போய்விடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவுகளில் மெதுவாக வழிந்து பள்ளத்தில் தேங்கும். பத்துப் பதினைந்து மீட்டர் மேலே காற்று சில டிகிரி சூடாக இருக்கும். உயரம் கூடினால் குளிர வேண்டிய உலகம் ஓர் இரவுக்குத் தலைகீழ். நீலகிரியில் இதைப் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடங்கள் உதகைக் குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா என்று பள்ளமான வெளிகள்தான். மேட்டுத் தேயிலை தப்ப, பள்ளத்துத் தேயிலை கருகும். கிராம்வெல்லில் அனுபவம் உள்ளவர்கள் சரிவிலேயே தோட்டம் போடப் பார்ப்பார்கள். காற்றுத் தடுப்புக்குப் பாப்ளார் வரிசை வைப்பதிலும் யோசனை வேண்டும். சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக வைத்தால் வழிந்து போக வேண்டிய குளிரை அதுவே தேக்கிவிடும்.

நாங்கள் தங்கிய இரவில் உறைபனி வரும் என்று முன்னறிவிப்பு இருந்தது. பின்னிரவில் நாலா பக்கமும் இரைச்சல் கிளம்பியது. தோட்டங்களில் பத்து மீட்டர் உயரத் தூணில் பொருத்திய விசிறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. மேலே இருக்கும் சூடான காற்றை இழுத்துக் கீழே கலந்துவிடுவதுதான் அவற்றின் வேலை. ஒரு விசிறி ஐந்தாறு ஹெக்டேரைக் காக்கும். விசிறி இல்லாதவர் ஹெலிகாப்டரை வாடகைக்கு அமர்த்தி மரங்களுக்கு மேலே தாழப் பறக்கச் சொல்வார். மேலடுக்கில் சூடே இல்லாத இரவில் இரண்டும் வீண்.

விடியலில் குரங்குக் குல்லாவும் என் ஜெர்கினுமாக மாமா கிளம்பிவிட்டார். ஏரிக்கரைச் சாலையோரம் ஒரு தோட்டத்தில் ஸ்பிரிங்ளர்கள் மரத்துக்கு மேலே சுழன்றுகொண்டிருந்தன. மரம் முழுக்கப் பனிக்கட்டி. வேலியோரக் கிளையை அருகே போய்ப் பார்த்தோம். சுண்டுவிரல் கனத்துக்குக் கண்ணாடி போன்ற பனி, அதற்குள்ளே ஐந்து வெள்ளை இதழும் மஞ்சள் மகரந்தப் பையும் அலுங்காமல். கிளை நுனியில் பனி ஊசிகள், ஒவ்வொன்றின் முனையிலும் சொட்டத் தயாராக ஒரு துளி நீர். “தண்ணியடிச்சுப் பூவ உறைய வக்கிறானுங்க, கிறுக்கா இவனுகளுக்கு?” என்றார் மாமா.

அந்தத் தொங்கும் துளியில்தான் சூட்சுமம். ஒரு கிலோ நீர் பனிக்கட்டியாகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடும். மேலே நீர் விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை அந்த வெப்பம் வந்துகொண்டே இருக்கும். பனியும் நீரும் கலந்த பரப்பு பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறங்காது. உள்ளே இருக்கும் பூவுக்குப் பூஜ்யம் ஆபத்தில்லை, கழித்தல் இரண்டுதான் ஆபத்து. ஆனால் பாதியில் நிறுத்தினால் தொலைந்தோம். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,500 கிலோஜூல் வேண்டும், உறையும்போது கொடுப்பதைப் போல ஏழரை மடங்கு. காற்று அடித்து ஆவியாதல் மேலோங்கினால் நனைந்த பூ நனையாத பூவைவிட மோசமாகக் குளிர்ந்துவிடும். எனவே தொடங்கினால் காலை வெயிலில் பனி தானாகக் கழன்று விழும்வரை ஓட்டியே ஆக வேண்டும். மணிக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு ஹெக்டேருக்கு மணிக்கு 30,000 லிட்டர். தங்கக்கால வாய்க்கால்களும் ஏரியும் இல்லாமல் இது நடக்காது.

அந்தத் தோட்டக்காரர் எங்களைக் கண்டு வந்து பேசினார். ஸ்பிரிங்ளர் எட்டாத மூலையிலிருந்து ஒரு பூவைப் பறித்து, கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். இதழ் அப்பழுக்கில்லாமல் வெள்ளை. நடுவில் சூலகம் மட்டும் மிளகைக் கடித்துத் துப்பியது போலக் கறுத்திருந்தது. அந்தப் பூ இன்னும் சில நாள் அழகாக நிற்கும், தேனீயும் வந்து போகும், காய் மட்டும் வராது. தோட்டத்தில் எத்தனை சேதம் என்று அறிய நூறு பூவைப் பிளந்து எண்ணுவார்களாம். மாமா இன்னொரு பூவை வாங்கித் தானே பிளந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு வரும் கோடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் கடைசியில் அங்கே பதினைந்தரை மணி நேரப் பகல், இரவோ குளுமை. பகலில் இலை செய்த சர்க்கரையை இரவில் மரம் அதிகம் எரிக்காது. குளிர்ந்த இரவுகள் பழத்தோலின் செந்நிறத்தையும் கூட்டும். பறித்த செர்ரியைப் பனி நீரில் குளிப்பாட்டிச் சூட்டை இறக்கி, விமானத்தில் தைவானுக்கும் சீனாவுக்கும் வியட்நாமுக்கும் அனுப்புகிறார்கள். சந்திரப் புத்தாண்டுக்குள் போய்ச் சேர்ந்தால் விலையே வேறு. பறிப்பதற்கு 2007 முதல் நடக்கும் பருவத் தொழிலாளர் திட்டத்தில் வனுவாட்டு போன்ற பசிபிக் தீவுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நடுவில் ஒரே எமன் மழை. பழுத்த செர்ரிக்குள் சர்க்கரை மிகுதி, தோலோ மெல்லியது. தோலில் தங்கும் மழைநீர் நுண்விரிசல் வழியே உள்ளே இழுக்கப்பட, பழம் உப்பி வெடித்துவிடும். வசந்தத்தில் பூவைக் காக்க வந்த அதே ஹெலிகாப்டர், டிசம்பரில் மழை விட்டதும் பழத்தின் மேல் நிற்கும் ஈரத்தை ஊதித்தள்ள வரும். ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் பெய்யும் ஊரில் மழைக்காக ஹெலிகாப்டர் என்றால் நம் ஆட்கள் நம்ப மாட்டார்கள்.

நியூசிலாந்தின் சராசரி வெப்பநிலை 1909-இலிருந்து ஒரு டிகிரிக்குச் சற்று மேல் ஏறியிருக்கிறது. இப்படிச் சூடேறுவதன் விளைவு இமாச்சலத்தில் கண்ணுக்கே தெரிகிறது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் 1910-களில் அமெரிக்க ஆப்பிளைக் கொண்டுவந்து நட்ட மாநிலத்தில் இன்று தாழ்வான குலு பள்ளத்தாக்குத் தோட்டங்கள் மாதுளைக்கும் காய்கறிக்கும் மாறுகின்றன. ஆப்பிள் கின்னௌர், லாஹௌல் என்று மேலே ஏறுகிறது. கிராம்வெல்லுக்குக் குளிர்மணி இப்போதைக்குக் குறையாது, கையிருப்பு அவ்வளவு. அங்கே அஞ்ச வேண்டியது வேறு. பூட்டு திறந்த பிறகு மொட்டு கணக்கெடுக்கும் சூடு ஆகஸ்டிலேயே சேர்ந்துவிட்டால் பூ முந்திக்கொள்ளும். வறண்ட, தெளிந்த இரவுகள் மட்டும் அப்படியே இருக்கும். பிரான்சில் 2021 ஏப்ரலில் அதுதான் நடந்தது. மார்ச் கடைசிச் சூட்டில் விழித்துக்கொண்ட திராட்சைத் தோட்டங்களும் ரோன் பள்ளத்தாக்கின் ஏப்ரிகாட்டும் அடுத்த வார உறைபனியில் கருகின. உலகம் சூடாவதால் உறைபனிச் சேதம் கூடும் என்றால் முதலில் கேட்பதற்கு முரணாகத் தோன்றும். அன்றைய சேதத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள் அதைத்தான் சொன்னார்கள்.

கிராம்வெல்லுக்குப் பக்கத்தில் கிளைட் என்ற ஊரில் அரசுப் பழ ஆராய்ச்சித் தோட்டம் இருக்கிறது. ஏப்ரிகாட்டில் புது ரகங்கள் உருவாக்கும் வேலை அங்கே நடக்கிறது. இதே ஆய்வு அமைப்புக்கு ஆக்லாந்தில் மவுண்ட் ஆல்பர்ட்டிலும் ஒரு நிலையம் உண்டு, செர்ரி காய்க்காத எங்கள் வீட்டிலிருந்து கார் எடுத்தால் வந்துவிடும் தூரத்தில். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவி, விதை எடுத்து, நாற்று வளர்த்து, காய்க்க வைத்து, தேர்ந்து, பல தோட்டங்களில் சோதித்து ஒரு ரகத்தை விவசாயி கையில் கொடுக்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். தாமதமாகப் பூக்கும் ரகம் வேண்டுமா, குறைந்த குளிரில் விழிக்கும் ரகம் வேண்டுமா என்பதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டும். குறைந்த குளிர் போதும் என்ற குணம் ஆக்லாந்துக்கு வரம். கிராம்வெல்லில் அந்த ரகத்துக்குக் குளிர்மணி ஜூன், ஜூலையிலேயே நிறைந்துவிடும். ஆகஸ்ட் வெயிலில் பூக்கத் தொடங்கிவிடும். அப்புறம் அக்டோபர் வரை ஒவ்வொரு தெளிந்த இரவிலும் ஸ்பிரிங்ளரை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.